கரையொதுங்கிய பீப்பா பற்றி ஸாலிஹா இரண்டாம் முறை சொன்னது

திருகோணமலை மாவட்டம். 1963ஆம் ஆண்டு சனவரி மாதம் 21ஆம் திகதி, திங்கட்கிழமை, பிற்பகல். பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் இராசதுரையாகிய நான் கேட்க, முறைப்பாட்டுக்காரி தன் சொந்த விருப்பத்தில் சொல்வது சொல்கிறபடியே கீழே எழுதப்படுகிறது. நேற்று அவர் தந்த வாக்குமூலத்துக்கு இது மேலதிகமானது.

பெயர்: ஸைனுலாப்தீன் ஸாலிஹா. வயது: முப்பத்தேழு. சமயம்: இஸ்லாம். தொழில்: வீட்டில் இருந்தபடி தையல். வதிவிடம்: கிண்ணியா, துறையடி. கணவர்: ஆதம்பாவா, வள்ளக்காரர்.

நான் மேற்சொன்ன இடத்தில் கணவரோடும் மூன்று பிள்ளைகளோடும் குடியிருப்பவள். இந்த நிலையத்தில் அடைக்கப்பட்டிருக்கும் வெல்டிங்காரர் கதிராமனை விடுவிக்கும்படி கேட்கவே இன்று பேசுகிறேன். நேற்று அவரை உள்ளே போடச் சொல்லி நின்றவளும் நான்தான். அது எப்படி நடந்தது என்பதை முதலில் இருந்து சொல்கிறேன். நடுவில் என்னை மறிக்க வேண்டாம் என்று சார்ஜன்ட் ஐயாவிடம் கேட்டுக்கொண்டேன்.

என் கணவரிடம் அடி தட்டையான ஓர் இரும்பு வள்ளம் இருக்கிறது. வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போன காலத்தில் பழைய இரும்புச் சாமான்களோடு ஏலத்தில் வந்தது. முழங்கால் அளவு தண்ணீரிலும் ஓடும் என்பதால் தம்பலகாமத்துக் குடாவில் கம்பால் ஊன்றிப் போய் நெல்மூட்டை, விறகு முதலியவற்றை ஏற்றி வருவார். அதன் மூக்கு மேலே வளைந்து உயர்ந்திருந்தபடியால் மாடு ஏற்றுவதானால் நாலுபேர் சேர்ந்து தூக்க வேண்டும், சைக்கிள் ஏற்றுவதானால் சைக்கிள்காரனையும் சேர்த்துத் தூக்க வேண்டும். ஆகவே மூக்கை வெட்டி எடுத்துவிட்டு, கீழே பிணைச்சல் வைத்து, கரைக்குப் போனதும் முன்பக்கம் விழுந்து படியாகும் விதமாக ஒரு கதவு போட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். "சோறாக்கிற குசினிக்குக் கதவில்ல, ஒங்கட வள்ளத்துக்குக் கதவு கேக்குதோ?" என்று நான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நோன்பு தொடங்குமுன் வேலை முடிய வேண்டும் என்பது அவருடைய அவசரம்.

அதன்பின் திருமலை டவுனில் கராஜ் வைத்திருக்கும் கதிராமனைக் கூட்டிவந்தார். இந்தக் கதிராமன் முன்பு கடற்படைத் தளத்தில் வெல்டிங் வேலை பார்த்தவர். வேலை தெரிந்தவர், அதைவிட வாய் தெரிந்தவர். கார்பைட் தகரமும் காஸ் போத்தலும் குழாய்ச் சுருளும் ஒரு மாட்டு வண்டிலில் வந்தன. கயிறு பிடித்து இழுக்கும் மிதவைப் பாதையில் வண்டிலோடு துறையைக் கடந்து, எங்கள் வீட்டுப் பூவரசு மரத்தடியில் இறக்கிவிட்டு, தான் எந்தக் கப்பலுக்கு எந்த இடத்தில் ஒட்டு வைத்தவர் என்று எனக்குச் சொல்லத் தொடங்கினார். நான் பெருநாள் சட்டைகளுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை என்று அவருக்கு விளங்கவில்லை.

வள்ளத்தின் மூக்கை நெருப்பாலேயே வெட்டினார். அதன்பின் அடித்தகட்டோடு புதுத்தகட்டைப் பொருத்தி ஒட்டத் தொடங்கினார். இந்த இடத்தில்தான் என் மனதில் முதல் சந்தேகம் விழுந்தது. அவர் ஒரு முனையில் தொடங்கி மற்ற முனை வரைக்கும் ஒழுங்காக ஒட்டிப் போகவில்லை. இங்கே ஒரு சாண், பிறகு எழும்பிப்போய் அந்தத் தொங்கலில் ஒரு சாண், திரும்பி வந்து நடுவில் ஒரு சாண் என்று ஒட்டினார். இடையில் எல்லாம் வாய் பிளந்து கிடந்தது. நான் தையல்காரி. துணி விலகாமல் இருக்க இப்படித் தூரத் தூர நூலோட்டி வைப்போம், ஆனால் அதைத் தையல் என்று சொல்லி யாரிடமும் சட்டையைக் கொடுக்கமாட்டோம். இதை அவரிடமே சொன்னேன். அதற்கு அவர், "தங்கச்சி, ஒரே இழுவையா ஒட்டினா சூட்டுக்குத் தகடு அப்பளம் மாதிரி நெளிஞ்சு போகும். அடி தட்டையா இருந்தாத்தான் இது வள்ளம். இல்லாட்டிச் சட்டி" என்றார். ஆறவிட்டு ஆறவிட்டு இடைவெளி எல்லாவற்றையும் அவர் பிறகு நிரப்பியிருக்கிறார். அதை நான் பார்க்கவில்லை. என் கண்ணில் பட்டதெல்லாம் அந்த நூலோட்டம் மட்டுமே.

அதன்பின், கதவின் பாரத்துக்கு வள்ளம் முன்னால் தாழாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெறும் பெற்றோல் பீப்பாவைப் பட்டை இரும்பால் பிடித்து ஒட்ட வேண்டியிருந்தது. அதற்கு முதல் பீப்பாக்களுக்குள் எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றச் சொன்னார். ஒட்டுகிற இடம் மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டுமாம். வெறும் பீப்பாவுக்கு எதற்கு இந்தக் கூத்து என்று நான் கேட்டேன். "வெறும் பீப்பா எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? பெற்றோல் போனாலும் அதின்ர ஆவி உள்ளுக்கை நிக்குது. இப்பிடியே நெருப்பைக் காட்டினா நானும் உங்கட பூவரசும் சேர்ந்து கடலுக்கை கிடப்பம்" என்றார். தண்ணீர் அள்ளியது நானும் என் தம்பி முனாப்பும். ஒட்டி முடிந்ததும் தண்ணீரை வெளியே ஊற்றி, காயவைத்து, மூடியை இறுக்கினார்கள்.

கடைசி நாள் ஒட்டுகளின் வெளிப்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு பூசினார். காய்ந்ததும் உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவினார். எங்காவது ஊசித்துவாரம் இருந்தால் மண்ணெண்ணெய் ஊறிவந்து வெள்ளைச் சுண்ணாம்பில் கறை காட்டும் என்பது அவர்கள் வழக்கம். நான் தேநீர் கொண்டு போனபோது வலது பக்க மூலையில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு மஞ்சள் கறை இறங்கிக்கொண்டிருந்தது. கதிராமன் கறையைச் சுற்றிக் கரிக்கட்டியால் வட்டம் போட்டார். அதைச் சுரண்டி, திரும்ப ஒட்டி, திரும்பச் சுண்ணாம்பு பூசிப் பார்த்திருக்கிறார். அந்த நேரம் நான் குசினிக்குள் நின்றேன். ஆக, நூலோட்டத்தைக் கண்டேன், நிரப்பியதைக் காணவில்லை. கறையைக் கண்டேன், அது மறைந்ததைக் காணவில்லை. நேற்று நான் சொன்ன முறைப்பாடு முழுவதும் இந்த இரண்டு காட்சியில் கட்டியது.

கதவை மேலே இறுக்குவதற்கு இரண்டு இரும்பு ஆணிகள் உண்டு. அவற்றைத் தட்டி இறக்கவும் கழற்றவும் எங்கள் வீட்டு விறகுக் கோடரியை என் கணவர் வள்ளத்திலேயே போட்டுவிட்டார். அன்றுமுதல் விறகு கொத்துவதற்கு நான் பக்கத்து வீட்டு ரபீக்காவிடம் கோடரி இரவல் வாங்கி வந்தேன். இது முக்கியமில்லை என்று ஐயா சொல்கிறார். முக்கியம், எழுதுங்கள்.

கடந்த சனிக்கிழமை காலை என் கணவர் தம்பலகாமத்து வேலாப்போடியாரின் நெல்லை ஏற்றிவர வள்ளத்தை எடுத்துக்கொண்டு தனியே போனார். பின்னேரம் திரும்ப வேண்டியவர். மத்தியானத்தில் இருந்து மழை பிடித்துக்கொண்டது. குடாவின் அக்கரை கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அன்று அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை என் தம்பி முனாப் வலை பார்க்கப் போன இடத்தில் கரையில் ஒதுங்கிக் கிடந்தது என்று ஒரு பீப்பாவை உருட்டிக்கொண்டு வந்தான். அது எங்கள் வள்ளத்துப் பீப்பா. அதில் ஒட்டியிருந்த பட்டை இரும்புகள் அறுந்து கிடந்தன. முனாப் முற்றத்தில் குந்திவிட்டான். நான் பீப்பாவைக் கிட்டப்போய்ப் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

அதன்பின் ஊர்ப் பெண்கள் வந்துவிட்டார்கள். ரபீக்கா தன் அலுமாரியில் இருந்து வெள்ளைப் புடவை ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மையித்து, அதாவது உடல், கிடைக்காமல் ஒன்றும் முடிவாகச் சொல்லக்கூடாது என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லி அனுப்பினார். பெண்கள் அதைக் கேட்கிற நிலையில் இருக்கவில்லை, நானும் இருக்கவில்லை. ஆனால் புருசனை இழந்தவளாக இத்தா இருக்கத் தொடங்கினால் நாலு மாதமும் பத்து நாளும் வாசலைத் தாண்ட ஏலாது. அதற்குள் கதிராமன் தன் பாட்டில் அடுத்த வள்ளத்துக்கு ஒட்டு வைத்துக்கொண்டிருப்பான் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. "முதல்ல பொலிசுக்குப் போய் வாறன், பொறகு இத்தா இருக்கன்" என்று சொல்லிவிட்டு, வெள்ளைப் புடவையை மடித்து வைத்துவிட்டு, முனாப்பையும் பீப்பாவையும் கூட்டிக்கொண்டு பாதையேறி இந்த நிலையத்துக்கு வந்தேன்.

இங்கு வந்து, ஒட்டை அரைகுறையாக வைத்து என் புருசனைக் கடலில் தாட்டுவிட்டான் என்று கதிராமன்மீது முறைப்பாடு வைத்தேன். நான் கண்டது பொய்யில்லை. சொன்னதுதான் பொய்.

அன்று பின்னேரம் பொலிசார் கதிராமனை அழைத்து வந்தார்கள். விசயத்தைக் கேட்டதும் அவருடைய வாய் முதல் தடவையாக அடைத்துப் போயிற்று. பிறகு, "தங்கச்சி, என்ர ஒட்டு விட்டிராது. பீப்பாவைத் திருப்பி ஒருக்காப் பாருங்கோ" என்று கேட்டார். நான் பார்க்க மாட்டேன் என்றேன். இன்னும் சில வார்த்தைகளும் சொன்னேன். அவற்றை இங்கு எழுத வேண்டாம் என்று தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். அவர் அதற்குப் பிறகு உள்ளே போய் நிலத்தில் இருந்தார். இன்று பின்னேரம் அவரை நீதவான் முன் கொண்டுபோவோம் என்று ஐயா சொன்னார்.

இன்று காலை பீப்பாவை அடையாளம் காட்டுவதற்காக என்னை வரச்சொல்லியிருந்தார்கள். நான் வந்தபோது வெளி விறாந்தையில் கிடந்த மரவாங்கில் கதிராமனின் மனைவி ஞானமணி சோற்றுப் பொதியோடு இருந்தார். அவர் இன்னார் என்று முனாப் சொன்னான். அவர் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சேலையை ஒதுக்கி, வாங்கில் எனக்கு இடம் விட்டார். நான் இருக்கவில்லை, நின்றேன்.

அதன்பின் பீப்பாவை மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். இது உம்முடைய கணவரின் வள்ளத்தில் இருந்ததுதானா என்று ஐயா கேட்டார். ஓம் என்று சொல்வதற்காகக் குனிந்தேன். அப்போதுதான் முதல் தடவையாக அதை ஒழுங்காகப் பார்த்தேன். ஒட்டு வைத்த இடங்கள் அப்படியே தடித்து இறுகி இருந்தன, ஒரு வெடிப்பு இல்லை. பட்டை இரும்பு அறுந்திருந்தது ஒட்டில் அல்ல, அதற்கு ஒரு சாண் தள்ளி. அறுந்த முனையைச் சுற்றி வெட்டுக் காயங்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று சாய்ந்து, ஒன்று பட்டையிலேயே படாமல் பீப்பாவின் வயிற்றில்.

என் கணவருக்கு விறகு கொத்தத் தெரியாது. கலியாணம் முடித்த நாளில் இருந்து இதுதான் எங்கள் வீட்டுச் சண்டை. முதல் வெட்டு விழுந்த இடத்தில் இரண்டாவது வெட்டு அவருக்கு விழுந்ததே இல்லை. ஒரு கட்டையைப் பிளப்பதற்குள் அதை எலி கடித்த தேங்காய் போல் ஆக்கிவிடுவார். அந்த விறகை அடுப்பில் வைத்து வைத்து எனக்கு மனப்பாடம். அந்த இரும்பில் கிடந்தது அதே கொத்து. கடலோ காற்றோ அப்படிக் கொத்தாது. வேறு எந்த ஆம்பிளையும் கொத்தமாட்டான். கடலில் தாண்டு மூழ்குகிற மனிதன் கோடரி எடுத்து நின்று இவ்வளவு நேரம் பிழைபிழையாக வெட்டிக்கொண்டிருக்கவும் மாட்டான்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஐயா எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் நினைத்ததை அவர் எழுதத் தயங்குகிறார். எழுதலாம். "இது அவர்ர கொத்துத்தான் ஐயா. மனிசன் இருக்கார்" என்று சொன்னேன். என் வீட்டுக்கு ஆள் அனுப்பி விறகுக் குவியலைப் பார்க்கும்படியும் சொன்னேன். விறகைச் சாட்சி வைத்து ஆளை விடுவிக்க ஏலாது, பொறுத்திரும் என்று ஐயா சொன்னார். அதன்பின் முனாப்பை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் விறாந்தைக்குப் போய், ஞானமணி முதலில் விட்டிருந்த இடத்தில் இருந்தேன். கொத்தைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டுபேரும் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தோம். எனக்குள் நிச்சயமும் பயமும் மாறிமாறி வந்தன.

மத்தியானத்துக்குப் பிறகு வாசலில் சத்தம் கேட்டது. கோடரியோடு நிலையத்துக்குள் வர ஏலாது என்று காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் ஒருவரை மறித்துக்கொண்டிருந்தார். மறிக்கப்பட்டவர் என் கணவர் ஆதம்பாவா. இடுப்பு வரைக்கும் சேறு, உடுத்திருந்த சாறனில் பாதி இல்லை, பின்னால் முனாப் அழுதுகொண்டு நின்றான். என் கணவர் என்னைக் கண்டதும், "நான் மௌத்தாப் போனதெண்டு ஆரு புள்ள சொன்ன?" என்று கேட்டார். "நான்தான் சொன்ன" என்றேன். எனக்குச் சந்தோசம். அதைப் பொலிஸ் நிலையத்தில் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த நேரம் அவரை ஏசவும் வேண்டும் போலிருந்தது, ஏசினேன்.

அவர் சொன்னது இது. சனிக்கிழமை மழைக்குத் தம்பலகாமத்தில் வெள்ளம் வயலெல்லாம் மூடி, வேலாப்போடியாரின் வீட்டு வளவைத் தீவாக்கிவிட்டது. வீட்டில் அவருடைய மனைவி ராசமலர் பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு கட்டிலில் கிடந்தார். அந்த வளவுக்குப் போக ஒரே வழி கற்கட்டு வைத்த ஒடுக்கமான வாய்க்கால். வள்ளம் போகும், பக்கத்துப் பீப்பாக்கள் போகாது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபடியால் என் கணவர் கோடரியை எடுத்துப் பட்டைகளை வெட்டிப் பீப்பாக்களைத் தள்ளிவிட்டார். மற்றப் பீப்பாவில் கதிராமனின் ஒட்டை முதலில் வெட்டிப் பார்த்ததாகவும் கோடரிதான் பல்லுப் போனதாகவும், அதன் பிறகே பட்டையை வெட்டியதாகவும் சொன்னார். அதன்பின் வள்ளத்தை வீட்டு வாசல்வரை ஊன்றிக்கொண்டுபோய், கதவை விழுத்தி, ராசமலரையும் பிள்ளையையும் கட்டிலோடு நேரே உள்ளே ஏற்றினார்கள். பழைய மூக்கு இருந்திருந்தால் கட்டிலைச் சரிக்காமல் ஏற்ற ஏலாது. மேட்டுப் பள்ளிக்கூடத்தில் அவர்களை இறக்கிவிட்டு, நேற்று முழுவதும் அயலவர்களையும் கன்றுகளையும் ஏற்றியிருக்கிறார். ரோட்டு தண்ணீருக்குள் கிடந்தபடியால் சொல்லியனுப்ப ஆள் இல்லை. கதவால் தண்ணீர் வரவில்லை, அடித்தகட்டாலும் வரவில்லை, கட்டிலின் கால்கூட நனையவில்லை என்றார். குசினிக் கதவைப் பற்றி நான் பேசியதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் குசினிக்கும் கதவு வேண்டும்.

அதன்பின் கதிராமனை வெளியே அழைத்தார்கள். அவர் என் கணவரைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிறதுபோல், "காக்கா, ஒழுகினதோ?" என்பது. இல்லை என்று என் கணவர் சொன்னதும் கதிராமன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்துப் பீப்பாவிடம் போய் வெட்டுக்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு மனிசன் இரும்பை இவ்வளவு கேவலமா வெட்டலாமோ?" என்று கேட்டார். வாய் திரும்பிவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் அவரிடமும் ஞானமணியிடமும் மாப்புக் கேட்டேன். ஞானமணி, புருசன் வராத பொம்பிளை வேறென்ன செய்வாள் என்று சொன்னார். கதிராமன், பீப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றின கை என்றபடியால் மாப்பு உண்டு என்றார். புதுப்பீப்பாக்களை ஒட்டிப் பிடிக்காமல், ஸ்பானர் சாவி போட்டுக் கழற்றக்கூடிய விதமாக போல்ட் வைத்துத் தருவதாகவும், அதற்கு முதல் கோடரியை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். எனக்கும் அதுதான் வசதி.

ஆகவே நேற்றைய முறைப்பாட்டை முழுவதுமாக மீளப் பெற்றுக்கொள்கிறேன். கதிராமன்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவரை இன்றே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பீப்பாவை எங்களிடம் திருப்பித் தர வேண்டும்.

இன்னும் ஒன்று. நேற்றைய வாக்குமூலத்தின் தலைப்பில் "காலஞ்சென்ற ஆதம்பாவாவின் மனைவி" என்று இருக்கிறது. ஐயா கேட்க அப்படிச் சொன்னது என் வாய்தான். அந்த ஒரு சொல்லை வெட்டிவிடும்படி கேட்டேன். ஒருமுறை பதிந்ததை வெட்ட அதிகாரம் இல்லை என்று ஐயா சொல்கிறார். அப்படியானால் இதில் பதியுங்கள்: ஆதம்பாவா உயிரோடு இருக்கிறார். இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அவர் வெளி வாங்கில் கதிராமனுக்குப் பக்கத்தில் இருந்து, ஞானமணி கொண்டுவந்த சோற்றுப் பொதியில் பாதியைத் தின்றுகொண்டிருக்கிறார். கதவால் எனக்குத் தெரிகிறது.

மேலே உள்ளவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. விளங்கிக்கொண்டேன். நேற்று நான் ஒப்பமிட்டபோது உண்மை என்று நம்பி இட்டேன், இன்று உண்மை என்று கண்ணால் கண்டு இடுகிறேன்.

(அறபு எழுத்தில் ஒப்பம்)
ஸைனுலாப்தீன் ஸாலிஹா,
ஆதம்பாவாவின் மனைவி.

என் முன்னிலையில்: சார்ஜன்ட் இராசதுரை.